வாடிப்பட்டிக்கு மழை கேரளத்தில் பெய்கிறது

ஒவ்வொரு மாதக் கடைசியிலும் இந்திய வானிலை ஆய்வு மையம் டெல்லியிலிருந்து ஓர் அறிக்கை விடுகிறது. முடிந்த மாதம் நாட்டுக்கு எப்படிப் போனது, வருகிற மாதம் மழை கூடுமா குறையுமா, வெயில் எங்கே வாட்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஏப்ரல் நடுவிலும் மே கடைசியிலும் தென்மேற்குப் பருவமழைக்குத் தனிக் கணிப்பு உண்டு. செப்டம்பர் முடிந்து அக்டோபர் பிறக்கும்போது வடகிழக்குப் பருவமழைக்கு இன்னொன்று. மறுநாள் பத்திரிகையில் எல்லாம் சுருங்கி ஒரே வரி ஆகிவிடுகிறது: இந்த ஆண்டு இயல்பான மழை. மதுரை மாவட்டத்தின் வாடிப்பட்டி, சோழவந்தான், அலங்காநல்லூர் டீக்கடைகளில் அந்த வரியைப் படித்துவிட்டு எந்தச் சம்சாரியும் நாற்றங்காலுக்கு விதை ஊறப்போடுவதில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு அவர் கேட்பது, "டேம்ல எத்தனை அடி?"

அவர் கேட்பதுதான் சரியான கேள்வி. அதற்குப் பதில் சொல்கிற மாதிரி ஒரு பருவக் கணிப்பு இன்றுவரை அவர் கைக்கு வந்து சேரவில்லை.

வாடிப்பட்டி வட்டத்தில் 16,452 ஏக்கர் நிலம் பெரியாறு பிரதானக் கால்வாயின் இருபோகப் பாசனத்தில் இருக்கிறது. நிலக்கோட்டை வட்டத்தின் 1,797 ஏக்கரையும் மதுரை வடக்கு வட்டத்தின் 26,792 ஏக்கரையும் சேர்த்தால் மொத்தம் 45,041 ஏக்கர். முதல் போகத்துக்கான தண்ணீர் இந்த நிலங்களின் தலைக்கு மேலே இருக்கும் வானத்திலிருந்து வருவதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மதுரைப் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் கிடக்கிறது. காற்றுதான் அடிக்கும், மழை குறைவு. அந்த நான்கு மாதமும் மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்தில் கொட்டும் மழை முல்லைப் பெரியாறு அணையில் தேங்குகிறது. தேக்கடியில் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே இறங்குகிறது. லோயர் கேம்ப்பில் மின்சாரம் எடுத்த பிறகு கம்பம் பள்ளத்தாக்கைக் கடந்து வைகை அணைக்கு வந்து, அங்கிருந்து ஆற்றில் இறங்கி, பேரணையில் கால்வாய்க்குத் திரும்புகிறது.

அணைகளில் இருப்பு நன்றாக இருக்கும் ஆண்டில் ஜூன் முதல் வாரத்தில் தண்ணீர் திறப்பார்கள். 2022-இல் ஜூன் 2-ஆம் தேதி திறந்தார்கள். கணக்கு இதுதான்: வினாடிக்கு 900 கன அடி வீதம் 45 நாள் முழுமையாக, அதன்பின் 75 நாள் முறை வைத்து, ஆக மொத்தம் 120 நாளுக்கு 6,739 மில்லியன் கன அடி. இருப்பு குறைவான ஆண்டில் ஜூன் ஜூலையாகும், ஜூலை தள்ளிக்கொண்டே போகும். எந்த நெல் போடுவது என்பதே அந்தத் தேதியைப் பொறுத்துத்தான். 105, 110 நாளில் அறுப்புக்கு வரும் கோ 51 போட்டால் முறைத் தண்ணீர் நிற்பதற்குள் தப்பிக்கலாம். நாள் கூடுதலாக எடுக்கும் பொன்னியை நம்பி இறங்கினால் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் வாய்க்கால் காயலாம்.

இரண்டாம் போகத்தின் கதை வேறு. அது ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியது. வருசநாடு, மேகமலைச் சரிவுகளில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் வைகையின் சொந்த வரத்து அணைக்கு வரும். ஊரில் பெய்தால் கண்மாய்கள் பெருகும். சிறுமலையில் பெய்தால் 29 அடி உயரச் சாத்தையாறு அணைக்கு வரும். ஆக, ஒரே சம்சாரி ஒரே ஆண்டில் வெவ்வேறு வானங்களை நம்பிப் பிழைக்கிறார். முதல் போகத்துக்கு இடுக்கி, இரண்டாம் போகத்துக்கு வருசநாடும் சிறுமலையும் உள்ளூரும். டெல்லி தருகிற நாட்டுச் சராசரி இவற்றில் எதுவுமே இல்லை.

2016-ஐ எடுத்துக்கொள்வோம். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் நாட்டில் தென்மேற்குப் பருவமழை பொய்த்திருந்தது. அந்த ஏப்ரலில் வானிலை ஆய்வு மையம் நீண்டகாலச் சராசரியில் 106 சதவீதம் பெய்யும் என்றது. நாடே மூச்சு விட்டது. பருவம் முடிந்தபோது நாட்டுக்குக் கிடைத்தது 97 சதவீதம். ஏட்டுக் கணக்கில் இயல்பான ஆண்டு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே நான்கு மாதத்தில் கேரளத்துக்கு 34 சதவீதம் பற்றாக்குறை. அக்டோபர் கடைசியில் அந்த மாநில அரசு 14 மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அறிவித்தது. பச்சைப் பசேல் என்று நாம் நினைக்கும் கேரளத்தில் இந்த நிலை. அந்த அறிவிப்பைத் தேனி, மதுரை மாவட்டங்கள் தங்களுக்கு வந்த தந்தியாகப் படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை.

பிறகு வடகிழக்குப் பருவமழையும் கைவிட்டது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டுக்கு 44 செ.மீ. அளவில் பெய்ய வேண்டும். அந்த ஆண்டு 17 செ.மீ.கூடத் தேறவில்லை. 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரி 10 அன்று அன்றைய முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என்று அறிவித்தார். இரண்டு பருவமும் தவறிய அந்த ஆண்டு, நாட்டின் பருவமழைப் பதிவேட்டில் இன்றைக்கும் 'இயல்பு' என்ற பத்தியில்தான் இருக்கிறது.

அதன் பின்கதை எல்லோருக்கும் தெரியும். 2017 ஏப்ரல் 21 அன்று, வற்றிக் கிடந்த வைகை அணையில் தண்ணீர் ஆவியாவதைத் தடுக்க அன்றைய கூட்டுறவுத் துறை அமைச்சர் செல்லூர் கே. ராஜு தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டார். சற்று நேரத்தில் காற்று அவற்றைக் கரைக்குத் தள்ளிவிட்டது. தமிழ்நாடே சிரித்தது, மீம்ஸ் போட்டவர்கள் இன்றும் ஓயவில்லை. சிரித்தவர்களில் எத்தனை பேர் அதற்கு ஆறு மாதம் முந்தைய கேள்வியைக் கேட்டார்கள்? கேரளத்தில் 34 சதவீதம் குறைந்தது செப்டம்பர் கடைசியிலேயே தெரிந்த உண்மை. அதை வைத்து, எத்தனை ஏக்கருக்கு நாற்று விடலாம், குடிநீருக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும், தென்னைக்கு உயிர்த் தண்ணீர் எப்போது என்று அக்டோபரிலேயே ஒரு திட்டம் போட்டிருந்தால், ஏப்ரலில் அட்டை தேட வேண்டியிருந்திருக்காது. அமைச்சரைக் கேலி செய்வது எளிது. அன்றைய ஏற்பாட்டில் பருவக் கணிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டிய நாற்காலி என்று ஒன்று இருக்கவே இல்லை. குறை அங்கேதான். இன்றும் அந்த நாற்காலி இல்லை.

தென்னையைப் பற்றி ஒரு வார்த்தை. நெல் போனால் ஒரு போகம் போகும். சோழவந்தான் பக்கத்துத் தென்னந்தோப்பு பட்டுப்போனால் பத்து ஆண்டு போகும். கொடிக்காலும் அப்படித்தான். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற சோழவந்தான் வெற்றிலை அகத்தி நிழலில் வளர்வது. தண்ணீர் இல்லாவிட்டால் கருகும், விடாமல் பெய்தால் வேர் அழுகும். அதற்கு நாளைய மழையும் தெரிய வேண்டும், அடுத்த மூன்று மாதமும் தெரிய வேண்டும். அலங்காநல்லூர் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வரத்து குறைந்து 2019-இல் அரவை நின்றுபோனதற்குப் பல காரணங்கள் உண்டு; வறண்ட ஆண்டுகளில் கரும்பைக் கைவிட்ட சம்சாரிகள் திரும்பி வராதது அதில் ஒன்று.

2016 ஒரு தனி விபத்து என்று சொல்லிவிட முடியாது. 2018-இல் நாட்டுக்குக் கிடைத்தது 91 சதவீதம், இயல்புக்குக் கீழே. அதே ஆண்டு கேரளம் நூற்றாண்டில் காணாத வெள்ளத்தில் மூழ்கியது. ஆகஸ்ட் 15 அன்று முல்லைப் பெரியாறு 142 அடியைத் தொட்டது. உச்ச நீதிமன்றம் 2014 மே மாதத் தீர்ப்பில் அனுமதித்த முழு உயரம் அது. 2023-இல் நாட்டுக்கு 94 சதவீதம். 'ஆறு சதவீதம்தானே குறைவு' என்று தோன்றும். கேரளத்துக்கு மறுபடியும் 34 சதவீதம் குறைவு. 1901 முதல் கணக்கில் அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம்தான் நாட்டிலேயே மிக வறண்ட ஆகஸ்ட். மூன்று ஆண்டுகள், மூன்று விதம். நாட்டுச் சராசரியை வைத்து வைகைப் பாசனத்தைப் பற்றி எதையும் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

இந்தக் கணிப்புத் தொழிலுக்கும் மதுரைச் சீமைக்கும் ஒரு பழைய உறவு உண்டு. 1876-78 தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்களைக் கொன்றது. 1875-இல்தான் தொடங்கப்பட்டிருந்த இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டிடம், அடுத்த பருவமழை பொய்க்குமா என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என அரசு கேட்டது. அவர் இமயமலையின் பனியைப் பார்த்தார். குளிர்காலத்தில் பனி கூடினால் மழை குறைகிறது என்று கண்டு, 1886 ஜூனில் முதல் அதிகாரபூர்வப் பருவக் கணிப்பை வெளியிட்டார். இன்று மாதந்தோறும் வரும் அறிக்கைக்கு அதுதான் மூதாதை.

அதே பஞ்சம்தான், நெடுங்காலமாகக் கிடப்பில் கிடந்த பெரியாற்றுத் திட்டத்தையும் தூசு தட்டி எடுக்க வைத்தது. மேற்கே ஓடும் ஆற்றைக் கிழக்கே திருப்பலாம் என்று ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 1789-லேயே யோசித்திருந்தார். திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது 1886 அக்டோபர் 29. முதல் பருவக் கணிப்பு வந்த அதே ஆண்டு! பொறியாளர் பென்னிகுயிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895-இல் திறக்கப்பட்டது. மழையை முன்கூட்டிச் சொல்வது, பெய்த மழையைத் திருப்பிக் கொண்டுவருவது என இரண்டும் ஒரே பஞ்சத்தின் பிள்ளைகள். நூற்று நாற்பது ஆண்டு ஆகப் போகிறது. இரண்டும் இன்னும் ஒரே மேஜையில் உட்காரவில்லை. கணிப்பு ஒரு துறையிடம், தண்ணீர் இன்னொரு துறையிடம், விதை மூன்றாவது துறையிடம்.

1877-இல் பருவமழை ஏன் பொய்த்தது என்பது அன்றைக்குத் தெரியாது. பசிபிக் பெருங்கடலின் நடுவிலும் கிழக்கிலும் மேற்பரப்பு நீர் வழக்கத்துக்கு மீறிச் சூடாகும் எல் நினோ அந்த ஆண்டு மிகக் கடுமையாக இருந்தது. 1904-இல் வானிலைத் துறைக்குத் தலைவராக வந்த கில்பர்ட் வாக்கர் ஒரு கணிதக்காரர். உலகம் முழுக்க எடுத்த காற்றழுத்தப் பதிவுகளைக் கூட்டிப் பெருக்கி, பசிபிக்கில் அழுத்தம் ஏறும்போது இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குவதும், இறங்கும்போது ஏறுவதுமான தெற்கு அலைவைக் கண்டுபிடித்தார். அதை எல் நினோவோடு முடிச்சுப் போட 1960-கள் ஆயின. இன்று பருவக் கணிப்பு என்றாலே எல்லோரும் முதலில் பார்ப்பது அந்தப் பசிபிக் தண்ணீரைத்தான்.

இங்கேதான் தமிழ்நாடு மற்ற மாநிலங்களிலிருந்து விலகி நிற்கிறது. எல் நினோ வந்தால் வட இந்தியத் தொலைக்காட்சிகள் ஒப்பாரி வைக்கும். தென்மேற்குப் பருவமழை குறையும் வாய்ப்பு கூடுவதால் அதில் நியாயம் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக்கோ எல் நினோ பல நேரம் சாதகம். 2015 எல் நினோ ஆண்டு: நாட்டுக்கு வறட்சி, சென்னைக்கு வெள்ளம், தமிழ்நாட்டுக்கு வடகிழக்கில் இயல்பைவிட 53 சதவீதம் கூடுதல். 2023-உம் எல் நினோ ஆண்டுதான். முதல் போகத்துக்குத் தண்ணீர் தரும் கேரளத்தில் பற்றாக்குறை, டிசம்பரில் தென் மாவட்டங்களில் பெருவெள்ளம். ஆகவே வாடிப்பட்டிச் சம்சாரிக்கு எல் நினோ என்ற செய்தியில் பாதி கெட்டது, பாதி நல்லது. ஜூனில் கையைச் சுருக்கி, ஐப்பசியில் துணிந்து இறங்கச் சொல்கிற செய்தி அது. டெல்லியிலிருந்து வரும் தலைப்பில் இந்த இரண்டாம் பாதி இருப்பதே இல்லை.

இதையும் வாய்ப்பாடாக மனப்பாடம் செய்துகொள்ளக் கூடாது. பசிபிக் குளிரும் லா நினா ஆண்டில் வடகிழக்கு சோரும் என்பது பொதுவிதி. 2021 லா நினா ஆண்டு. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 59 சதவீதம் கூடுதலாகக் கொட்டியது. நவம்பரில் வங்கக் கடலில் அடுத்தடுத்து உருவான காற்றழுத்தத் தாழ்வுகள் பசிபிக்கைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. 2018 கடைசியில் பசிபிக் சூடாகிக்கொண்டிருந்தபோது தமிழ்நாட்டில் 24 சதவீதம் குறைந்தது. பருவக் கணிப்பு என்பது வாய்ப்பைச் சொல்வது. வாக்குறுதி கொடுப்பது அல்ல.

அறிக்கையோடு வரும் வரைபடத்தைப் பார்த்தாலே இது தெரியும். மழை இயல்பைவிடக் குறைவு, இயல்பு, கூடுதல் என்று மூன்று பங்கு. மூன்றுக்கும் சம வாய்ப்பு என்றால் ஆளுக்கு 33 சதவீதம். எந்தப் பங்கின் பக்கம் தராசு சாய்கிறதோ அதற்கு ஒரு நிறம். சாய்வு கூடக் கூட நிறம் அடர்த்தியாகும். எந்தப் பக்கமும் சாயாத இடத்தை வெள்ளையாக விட்டுவிடுவார்கள். வெள்ளை என்றால் மழை இல்லை என்று அர்த்தமில்லை. கையில் துப்பு இல்லை என்று அர்த்தம். ஒரு பகுதியில் 'இயல்பைவிடக் கூடுதல், 55 சதவீத வாய்ப்பு' என்று போட்டிருந்தால், அப்படிச் சொல்லும் நூறு தடவையில் 45 தடவை கூடுதல் மழை வராது என்பதும் அதிலேயே அடக்கம். இதை யாரும் விளக்குவதில்லை. செய்தியில் 'கூடுதல் மழை' என்று மட்டும் வரும். வராதபோது 'வானிலைக்காரன் சொன்னா நடக்காது' என்று பேச்சு வரும். பழி மையத்தின் மேல் விழுகிறது. 45-ஐ விழுங்கியவர்கள் தப்பித்துவிடுகிறார்கள்.

இன்னொரு சிக்கல், இயல்பு என்பதற்கான எல்லை இடத்துக்கு இடம் மாறுவது. நாடு முழுமைக்கான தென்மேற்குப் பருவமழையில் 96 முதல் 104 சதவீதம் வரை இயல்பு. தென்னிந்திய வடகிழக்குப் பருவமழையில் 88 முதல் 112 வரை. ஒரு மாவட்டத்துக்கு வந்துவிட்டால் 19 சதவீதம் குறைந்தாலும் இயல்பு, 19 சதவீதம் கூடினாலும் இயல்பு. ஆக மதுரை மாவட்டம் இயல்பு என்று பருவ முடிவில் வரும் அட்டவணைக்குள், நூற்றுக்கு 81 மட்டுமே பெய்த ஆண்டும் ஒளிந்துகொள்ளலாம். அந்த 19 குறைந்தால் முதலில் காய்வது கடைமடை. மாவட்டத்துக்குள்ளேயும் வாடிப்பட்டி, சாத்தையாறு அணை, கள்ளந்திரி, மேலூர், பேரையூர் என மழைமானிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கதை சொல்லும். எல்லாவற்றையும் கூட்டி வகுத்தால் யாருக்கும் பெய்யாத ஒரு மழை கிடைக்கும்.

மாதச் சராசரி மறைப்பது இன்னும் அதிகம். 2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் பிற்பகல் கால் மணி நேரத்தில் 4.5 செ.மீ. மழை கொட்டியதாக அரசே சொன்னது. செல்லூர், நரிமேடு பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. அந்த வறண்ட கடற்கரையில் ஓராண்டு முழுக்கப் பெய்வதைவிட அதிகம். அந்தப் பருவத்தின் தமிழ்நாட்டுக் கணக்கு என்ன தெரியுமா? நான்கு சதவீதம் கூடுதல். அதாவது, இயல்பு.

கையில் ஒன்றுமே இல்லை என்றும் சொல்லக் கூடாது. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் காலநிலை ஆராய்ச்சி மையம் ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னால், மாவட்டவாரியாக எத்தனை மில்லிமீட்டர் எதிர்பார்க்கலாம் என்று ஒரு கணிப்பு வெளியிடுகிறது. டெல்லி மையம் ஒவ்வொரு வியாழக்கிழமையும் அடுத்த நான்கு வாரத்துக்கான விரிவுகாலக் கணிப்பைத் தருகிறது. முறைத் தண்ணீர் விடும் 75 நாளில் அது பொன் போன்றது. நீர்வளத் துறையினர் மேஜையில் அது இருக்கிறதா என்பது வேறு விஷயம். 2024 அக்டோபரில் ஊராட்சி அளவிலான வானிலைக் கணிப்பு தொடங்கப்பட்டது. அது சில நாள்களுக்கானது. மருந்தடிக்கலாமா, அறுப்பு மிஷினுக்குச் சொல்லலாமா என்று பார்க்க உதவும். எந்த நெல், எத்தனை ஏக்கர் என்ற முடிவுக்கு உதவாது. 2024 செப்டம்பரில் 2,000 கோடி ரூபாய்க்கு 'மிஷன் மௌசம்' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2025 மே மாதம் 6 கிலோமீட்டர் நுணுக்கத்தில் கணிக்கும் புதிய மாதிரியும் வந்தது.

கருவிகள் வளர்கின்றன. சொல்ல ஆள் குறைகிறது. கிராமிய வேளாண் வானிலைச் சேவையின் கீழ் நாடு முழுக்க இயங்கிய 199 மாவட்ட வேளாண் வானிலை அலகுகள் 2024 தொடக்கத்தில் மூடப்பட்டன. உள்ளூர்ப் பயிரும் தெரிந்து, வானிலையும் தெரிந்து, சம்சாரியோடு உள்ளூர் மொழியில் பேசக்கூடிய ஆட்கள் அங்கேதான் இருந்தார்கள். வானிலைக் கணினிக்குக் கோடிகளை ஒதுக்கிய கையே, அந்தக் கணினி சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்லும் ஆளின் சம்பளத்தை நிறுத்தியது. இதைச் சிக்கனம் என்று எந்தக் கணக்குப்பிள்ளையும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

பழைய ஏற்பாடு ஒன்று நம்மிடம் இருந்தது. மார்கழியில் சூரியன் பூராடத்தில் நிற்கும் நாள்களில் மேகம் எப்படி நகர்கிறது, தூறல் விழுகிறதா என்று பார்த்து, அடுத்த ஆண்டு எந்த மாதத்தில் மழை எப்படி என்று சொல்லும் கர்ப்போட்டம். இன்றும் பெரியவர்கள் சிலர் பார்க்கிறார்கள். அது பலிக்கிறதா என்பது ஆராய்ச்சிக்கு உரியது. கர்ப்போட்டத்தை ஊர் முழுக்க நம்பியதற்குக் காரணம் இருந்தது: அது இந்த ஊர் வானத்தைப் பார்த்து, இந்த ஊர் விதைப்பைப் பற்றி, இந்த ஊர் ஆள் சொன்னது. டெல்லி அறிக்கையில் இல்லாதவை இந்த மூன்றும்தான்.

கேட்க வேண்டியது பெரிய விஷயமில்லை. பெரியாறு-வைகைப் பாசனத்துக்கு மாதம் ஒரு பக்கம். இடுக்கி நீர்ப்பிடிப்புக்கு அடுத்த மாதமும் அடுத்த பருவமும் எந்தப் பக்கம் சாய்கின்றன, வருசநாட்டுக்கு எப்படி, முல்லைப் பெரியாறும் வைகையும் இன்றைக்கு எத்தனை அடி, சேர்ந்து எவ்வளவு இருப்பு, இதே தேதியில் கடந்த பத்து ஆண்டில் எவ்வளவு இருந்தது, இந்த இருப்பும் இந்த வாய்ப்பும் சேர்ந்தால் ஜூன் முதல் வாரத்தில் தண்ணீர் திறக்க எத்தனை சதவீத வாய்ப்பு, ஜூலைக்குத் தள்ளிப்போக எத்தனை. கீழே வேளாண் துறையின் இரண்டு வரி: இந்த நிலையில் குறுகிய கால ரகமா, நடுத்தர ரகமா, டிப்போவில் எந்த விதை எவ்வளவு இருக்கிறது. அதற்கும் கீழே, சென்ற மாதம் சொன்னது என்ன, நடந்தது என்ன. கடைசி வரி மிக முக்கியம். தன் கணிப்பின் மதிப்பெண்ணைத் தானே போட்டுக் காட்டும் அறிக்கையைத்தான் சம்சாரி நம்புவார்.

சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம், நீர்வளத் துறை, வேளாண் துறை மூன்றிடமும் இதற்கான தரவு தனித்தனியாக இருக்கிறது. ஒரு பைசாவுக்குக்கூடப் புதிதாகக் கருவி வாங்க வேண்டியதில்லை.

மறுப்பு வரும். சின்னப் பகுதிக்குப் பருவக் கணிப்பு துல்லியமாக இருக்காது என்பார்கள். உண்மைதான், பரப்பு சுருங்கச் சுருங்கக் கணிப்பின் பலம் குறையும். ஆனால் அணையில் இருக்கும் தண்ணீர் கணிப்பு அல்ல, அளந்து பார்த்த உண்மை. மே கடைசியில் இருப்பு குறைந்து, இடுக்கிப் பக்கம் வாய்ப்பும் குறைந்திருந்தால், ஜூன் திறப்பை நம்பி நாற்று விடாதே என்று சொல்லப் பெரிய கணினி தேவையில்லை. முல்லைப் பெரியாறு வழக்கு விவகாரம், எதையாவது எழுதினால் கேரளத்தோடு சிக்கல் வரும் என்றும் சொல்வார்கள். நீர்மட்டம் அன்றாடம் பத்திரிகையில் வருகிறது. அதில் ரகசியம் ஒன்றுமில்லை. உண்மையான பயம் வேறு: சதவீதம் போட்டுச் சொல்லி, அது தவறினால் யார் தலையில் விழும் என்பது. அந்தப் பயத்தால் அதிகாரிகள் வாயைத் திறக்காமல் இருக்கிறார்கள். தவறுகிற ஆபத்து அப்போதும் மறைந்துவிடுவதில்லை. அப்படியே சம்சாரியின் தலைக்கு மாறுகிறது. நாற்றுக்கும் உழவுக்கும் நடவு ஆள் கூலிக்கும் செலவழித்தவர் அவர்தானே.

மதுரை ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. நீர்வளத் துறை, வேளாண் துறை, கூட்டுறவு எல்லோரும் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். வானிலை அறிக்கையும் மாதந்தோறும் வருகிறது. இரண்டையும் சேர்க்க ஆட்சியரின் ஓர் உத்தரவு போதும். வாடிப்பட்டி, சோழவந்தான், அலங்காநல்லூர்ப் பாசன சங்கங்கள் அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது, தூர்வாரும் மனுவோடும் உரத் தட்டுப்பாட்டு மனுவோடும், இந்த ஒரு பக்கத்தைக் கேட்டு இன்னொரு மனுவையும் எழுதிக் கொண்டுபோகட்டும்.